தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்கலாமா?

9 ஜனவரி 2025, மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். பிள்ளைகள் லாப்ரடார் குட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். திருச்சிப் பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் படம் அனுப்பியிருக்கிறார். 45 நாள் குட்டி, விலை 12,000 ரூபாய், பொங்கலுக்குள் எடுத்துக்கொண்டால் 10,000 ரூபாய் என்கிறார். 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பிவிட்டால் தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்துக்கே கூடையில் வைத்துக் கொண்டுவந்து தருவாராம். அனுப்பலாமா? நல்ல வளர்ப்பாளரை எப்படிக் கண்டுகொள்வது?

10 ஜனவரி 2025

அனுப்ப வேண்டாம்.

நான் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் இருப்பவன். எங்கள் பகுதியில் ஒருவர் கறவை மாடு வாங்கப் போனால், மாட்டின் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், எத்தனையாவது ஈத்து என்று கேட்பார், சொன்ன அளவு பால் இருக்கிறதா என்று அறிய மாலையும் மறுநாள் காலையும் கறக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். அதே மனிதர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டுக்குள் வாழப்போகும் நாயைக் கைப்பேசிப் படத்தைப் பார்த்துப் பேருந்து நிலையத்தில் வாங்கிக்கொள்கிறார். இதை மற்றவர்களைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அந்த மனிதர் நான்தான்.

கஜா புயலுக்கு மறு ஆண்டு, 2019-இல், திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு காரின் பின்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கினேன். விற்றவர் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. குட்டி மறுநாளே பால் குடிக்க மறுத்தது. அன்று மாலை வாந்தி, அடுத்த நாள் துர்நாற்றத்தோடு இரத்தமாகக் கழிச்சல். என்ன பெயர் வைப்பது என்று என் மகளும் மகனும் போட்ட சண்டை முடிவதற்குள், நான்காம் நாள் விடியற்காலையில் இறந்துவிட்டது. கால்நடை மருத்துவர் பார்வோ என்றார். நான் எங்கள் தெரு நாய்களைச் சந்தேகித்தேன். அவர் தலையை ஆட்டி, இந்த நச்சுயிரி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட மூன்று நாட்களாவது ஆகும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும், வந்த மறுநாளே படுத்த குட்டி நோயை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறதே தவிர உங்கள் வீட்டில் வாங்கவில்லை என்று விளக்கினார். விற்றவரைக் கைப்பேசியில் அழைத்தேன். எண் பயன்பாட்டில் இல்லை.

ஆகவே என் பதில்: குட்டி பிறந்த இடத்துக்கு நேரில் போங்கள், தாய் நாயைப் பாருங்கள், நாயின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். 45 நாள் என்பது சரியான வயதுதான்.

10 ஜனவரி 2025, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. முன்பணம் பற்றிப் பேசுவதற்கு முன், "நாளைக்கு நேரில் வந்து தாயையும் மற்றக் குட்டிகளையும் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் காத்திருங்கள். தாய் பண்ணையில் இருக்கிறது, தோட்டத்தில் இருக்கிறது, கடிக்கும், தம்பி வீட்டில் விட்டிருக்கிறோம் என்று வரும் பதில்கள் அனைத்துக்கும் பொருள் ஒன்றே: அவர் வளர்ப்பவர் அல்லர், எங்கிருந்தோ வாங்கி விற்பவர்.

15 ஜனவரி 2025

மாட்டுப் பொங்கல். வாசகர் அந்தக் கேள்வியைக் கேட்டாராம். "சார், நாய் வாங்குறீங்களா, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று பதில் வந்ததாம். பெண் பார்ப்பதற்குச் சொன்ன பழமொழிதான் இங்கே அப்படியே பொருந்துகிறது: தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம். தாய் பயந்து மூலையில் ஒடுங்குகிறதா, அந்நியரைப் பார்த்ததும் பாய்கிறதா, உரிமையாளர் கை வைத்ததும் அமைதியாகிறதா என்பதைப் பார்த்தால் குட்டியின் குணத்தில் பாதி தெரிந்துவிடும்.

23 ஜனவரி 2025

பத்தாம் தேதிக் குறிப்பில் 45 நாள் சரியான வயது என்று எழுதியது தவறு. ஊரெல்லாம் அப்படிச் சொல்வதால் நானும் சொல்லிவிட்டேன். 2017-இல் நடுவண் அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள்.

இந்தப் பதினொரு நாள் வித்தியாசத்தை நான் அற்பமாக நினைத்திருந்தேன். நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை குட்டிகள் ஒன்றோடொன்று உருண்டு, கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும் என்பதை ஒவ்வொன்றும் கற்கிறது. மீறினால் தாய் உறுமித் திருத்துகிறது. அந்தப் பாடம் முடியும் முன் பிரித்துக் கொண்டுவந்தால், பிறகு நம் பிள்ளைகளின் கையில்தான் அது பழகும். விற்பவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்பதும் எளிய கணக்கு. நாள் ஆக ஆகக் குட்டிகள் அதிகம் தின்னும், பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், முதல் தடுப்பூசி போட வேண்டும், இடம் போதாது, மேலும் உருவம் பெரிதாகப் பெரிதாக, உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்கும் அழகு குறைந்துவிடும்.

45 நாள் என்று சொல்லி 30 நாள் குட்டியைக் கொடுப்பவர்களும் உண்டு. வாயைத் திறந்து பாருங்கள். நாய்க்குப் பால் பற்கள் மொத்தம் 28. மூன்று நான்கு வாரங்களில் முன் பற்கள் முளைக்கத் தொடங்கி, எட்டாவது வாரத்தை ஒட்டி எல்லாப் பற்களும் வந்திருக்கும். ஈறில் முன் பற்கள் மட்டும் அரிசிபோல எட்டிப் பார்த்தால், உங்களுக்குச் சொல்லப்பட்ட வயது பொய். மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரிந்த ஊரில் பிறந்த எனக்கு இது 2019-இல் தோன்றவே இல்லை.

2 பிப்ரவரி 2025

அறுவடை வேலையில் பத்து நாட்கள் போய்விட்டன. கும்பகோணத்திலிருந்து ஒருவர், தாயைப் பார்த்துத்தான் வாங்கினேன், ஆனாலும் ஏமாந்தேன் என்று எழுதியிருந்தார். பெரிய, பளபளப்பான, நல்ல இனப் பெட்டை நாய் ஒன்றைச் சங்கிலியில் பிடித்து வந்து இதுதான் தாய் என்று காட்டியிருக்கிறார்கள். குட்டிகள் அதன் பக்கம் திரும்பவே இல்லை. இவர் குட்டிகளின் அழகில் மயங்கி அதைக் கவனிக்கவில்லை.

தாயை அடையாளம் காண அதன் வயிற்றைப் பாருங்கள். பால் கொடுக்கும் நாயின் காம்புகள் பருத்து, அடிவயிறு தளர்ந்திருக்கும். ரோமம் கொட்டி, உடம்பு சற்று இளைத்திருக்கும். ஈன்று ஒன்றரை மாதமான நாய், கண்காட்சிக்குப் புறப்பட்டதுபோல் வயிறு ஒட்டிப் பளபளவென்று இருந்தால் அது தாயே அல்ல. குட்டிகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். உண்மையான தாயைக் கண்டால் மொத்தமாக ஓடிப் போய் முட்டும்.

3 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதைச் சிறிது தளர்த்த வேண்டும். எட்டாவது வாரத்தில் பல தாய்கள் பாலை மறக்கடித்துவிடும். குட்டி நெருங்கினால் உறுமி விலகவும் செய்யும், ஏனென்றால் பல் குத்தும். ஆகவே விலகுகிறது என்பதற்காக அது தாய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஆனால் தொங்கிய காம்புகள் அவ்வளவு விரைவில் மறையா. ஐயமின்றி அறிய வேண்டுமானால் இரண்டு முறை போங்கள்: குட்டிகளுக்கு நான்கு வாரம் ஆகும்போது ஒரு முறை, எடுத்துவரும் நாளில் ஒரு முறை. இரண்டாவது முறை அதே தாய், அதே குட்டிகள் இருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.

தகப்பன் நாய் அங்கே இல்லாமல் இருப்பது குற்றமில்லை. நல்ல வளர்ப்பாளர்கள் வெளியூர் ஆண் நாயிடம் சேர்த்து வருவது வழக்கம்தான். எந்த ஊர், யாருடைய நாய், அதற்கும் தாய்க்கும் இரத்த உறவு உண்டா என்று தயங்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

19 பிப்ரவரி 2025

சான்றிதழைப் பற்றி நான் முதலில் சொன்னதை இப்போது மாற்றிச் சொல்கிறேன். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சென்னையில் இயங்கும் பழைய அமைப்பு. அதன் பதிவுச் சான்றிதழ் இந்தக் குட்டிக்கு இன்ன தாய், இன்ன தகப்பன் என்று கூறுகிறது. அது வம்சாவளிக்கான பத்திரமே தவிர உடல்நலத்துக்கான பத்திரம் அன்று. பட்டா இருப்பதனாலேயே நிலம் விளைந்துவிடாது. சான்றிதழ் உள்ள நாய்க்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரலாம், குறிப்பாக லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் அது பெற்றோர் வழியாக வருவது மிகுதி. அதற்குப் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேதான் ஆதாரம். நம் பகுதியில் எத்தனை வளர்ப்பாளர்கள் எக்ஸ்ரே எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். இருந்தாலும் கேளுங்கள். "எடுக்கவில்லை, ஆனால் தாய்க்கு ஆறு வயது, இதோ ஓடுவதைப் பாருங்கள், இதன் முதல் ஈத்துக் குட்டிகள் இன்னார் இன்னார் வீட்டில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள்" என்று பதில் சொல்பவரை நான் மதிப்பேன். "அதெல்லாம் நம்ம நாய்க்கு வராது சார்" என்பவரை மதிக்க மாட்டேன்.

சான்றிதழைவிடத் தடுப்பூசி அட்டையே என்னிடம் அதிகம் பேசுகிறது. முறையாகப் போட்ட ஊசிக்கு, மருந்துக் குப்பியில் இருந்த சீட்டை உரித்து அட்டையில் ஒட்டியிருப்பார்கள். அதில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எனக்கு 2019-இல் கொடுத்த அட்டை இன்னும் என் மேசையில் இருக்கிறது. மூன்று தேதிகளில் போட்டதாகச் சொல்லப்பட்ட மூன்று பதிவுகளும் ஒரே பேனாவால், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. சீட்டு எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை, 35 நாள் குட்டிக்கு மூன்று தடுப்பூசியும் முடிந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. முதல் ஊசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். சீம்பால் வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்பாற்றல் குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்து வேலை செய்யாது. அந்த ஆற்றல் எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று சொல்ல முடியாததால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

9 மார்ச் 2025

இப்போது என் வீட்டில் இருக்கும் நாயின் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்வோ நச்சுயிரி மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுக்கும் மேலாகவும் இருக்கும் என்று மருத்துவர் எச்சரித்ததால், சிமெண்டுத் தரையைப் பிளீச்சிங் நீரால் பலமுறை கழுவிவிட்டு, கொல்லை மண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் இரண்டு ஆண்டுகள் சும்மா இருந்தேன். குட்டிகள் ஓயாமல் வந்து போகும் விற்பனைக் கூடங்களில் நோய் ஏன் ஒழிவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. 2021-இல் இராஜபாளையம் நாய் வளர்க்கும் ஒருவரைத் தேடி விருதுநகர் மாவட்டத்துக்கே போனேன். அங்கே விலை பேசவே இல்லை. வாசலில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு அவர் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். மதில் எத்தனை அடி? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? கோழி வளர்க்கிறீர்களா? கட்டிப் போடுவீர்களா? இதற்கு முன் இருந்த நாய் என்ன ஆயிற்று? கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். மனிதர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ஈத்தில் உங்களுக்கு இல்லை, அடுத்த வருஷம் வாங்க" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது; பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லப்படுவது அதுவே முதல் முறை. ஆனால் பேருந்தில் திரும்பும்போது, என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் குட்டியைக் கொடுத்தவர் நினைவுக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு போனேன். அவரிடம் பெட்டை நாய்கள் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றும் எப்போது பருவத்துக்கு வந்தது, எப்போது சேர்த்தது, எத்தனை குட்டி, எது யாரிடம் போனது என்று நீளமான கணக்குப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார். ஒன்றரை வயது ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது என்பது மேலே சொன்ன விதிகளிலேயே இருக்கிறது. அவர் மூன்றோடு நிறுத்திவிடுவாராம். குட்டியைக் கொடுக்கும்போது அந்தப் பேரேட்டில் என் கையெழுத்தை வாங்கினார்: வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் அவரிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பத்துக் குட்டி விற்கிறவருக்கு இந்த நிபந்தனை ஆகாது, ஏனென்றால் பத்தும் திரும்பி வந்தால் வைத்துக்கொள்ள இடம் இராது.

வெள்ளை இராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அதிகம். அவர் ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டிக் காட்டி, திரும்பாத ஒன்றைத் தாமே வைத்துக்கொண்டார். வாங்குவோர் நீங்களும் தட்டிப் பாருங்கள்.

11 மார்ச் 2025

தட்டுச் சோதனை பற்றி ஒரு கால்நடை மருத்துவ மாணவர் திருத்தம் அனுப்பினார், நியாயமான திருத்தம். கூட்டமாக இருக்கும்போது தட்டினால், கேட்கும் குட்டி திரும்புவதைப் பார்த்துக் கேளாத குட்டியும் திரும்பிவிடும். தரையில் அதிர்வு வந்தாலும் திரும்பும். தனியாகப் பிரித்து, கண்ணில் படாமல், தரையில் படாமல் தட்ட வேண்டும். அப்படியும் ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இந்த முறையில் பிடிக்க முடியாது. அதற்கு மூளையின் எதிர்வினையை அளக்கும் கருவிச் சோதனை வேண்டும். என் நாய் இடப்பக்கம் கூப்பிட்டால் சில சமயம் வலப்பக்கம் பார்க்கிறது. இதுவரை திமிர் என்று நினைத்திருந்தேன்.

27 ஏப்ரல் 2025

வெயில் தாங்கவில்லை. திருவாரூரிலிருந்து ஒருவர் சைபீரியன் ஹஸ்கிக்கு நல்ல வளர்ப்பாளர் யார் என்று கேட்கிறார். நம் சித்திரை மாதத்தில் அந்த இரட்டை ரோமத்தோடு ஒரு நாயை வைத்திருக்க, நாள் முழுதும் குளிரூட்டி ஓட வேண்டும். பக் வகையைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். நாய் உடல் சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்பால். மூக்கே நசுங்கிப் பிறக்கும் நாய்க்கு அந்த வழியும் குறுகல். உங்கள் ஊர் எது என்று கேட்டுவிட்டு, இந்த நாய் வேண்டாம் என்று சொல்பவரே நீங்கள் தேடும் வளர்ப்பாளர். அவரிடம் வேறு வகை இருந்தால் வாங்குங்கள்.

18 மே 2025

"தெருவில் இத்தனை குட்டிகள் இருக்க, காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?" இது மூன்றாவது முறையாக வரும் கேள்வி. எனக்கு இதில் மறுப்பில்லை. எங்கள் தெருவில் பிறந்த செவலைக் குட்டி ஒன்று எதிர்வீட்டில் வளர்கிறது. என் நாயைவிட அது கெட்டிக்காரி என்பதை என் மனைவி வாரம் ஒரு முறையாவது சொல்கிறாள். அதற்கும் பூச்சி மருந்து, தடுப்பூசி, வெறிநாய்க்கடி ஊசி எல்லாம் அதே அளவுதான் வேண்டும். வாங்குவது என்று முடிவு செய்தவர் எப்படி வாங்க வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

22 ஜூன் 2025

மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் பக்கம் நாயை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: எலிக் காய்ச்சல் நம் வயல்வெளியில் எலியின் சிறுநீர் கலந்த நீரால் நாய்க்கும் மனிதருக்கும் வருகிறது. பிப்ரவரியில் சொன்ன அட்டையில் இதற்கான ஊசியும் இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பும் தோலுமான தாயையும் உண்ணி அப்பிய காதுகளையும் நீங்கள் பார்த்திருந்தால், குட்டியைத் தூக்குவதற்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் சாதாரணம்.

10 ஆகஸ்ட் 2025

மன்னார்குடி வாசகர் ஏழு மாதங்களுக்குப் பிறகு எழுதியிருக்கிறார். திருச்சிக்காரருக்குப் பணம் அனுப்பவில்லை. வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில், வீட்டு நாயாகவே வளரும் லாப்ரடார் ஈன்றிருக்கிறது. நான்காவது வாரத்தில் போய்ப் பார்த்தாராம். அந்த வீட்டு அம்மாள் இவரிடம் மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா என்று கேட்டாராம். அதன் முந்தைய ஈத்தில் பிறந்த ஒன்று நீடாமங்கலத்தில் இருப்பதாகச் சொல்லவே, அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டதற்கு, இல்லை என்று உண்மையைச் சொன்னார்களாம். விதிப்படி விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்பவர் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் எப்போதோ ஓர் ஈத்து எடுப்பவர்களில் பலருக்கு அந்த விதியே தெரியாது. இதற்காக அந்த வீட்டை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிவு செய்யச் சொல்லுங்கள் என்று எழுதினேன். இது சரியான பதில்தானா என்று இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

12 ஆகஸ்ட் 2025

வரும் ஞாயிற்றுக்கிழமை குட்டிக்கு 57-ஆவது நாள், அன்று எடுத்து வருகிறாராம். எதை வாங்கி வைப்பது என்று கேட்கிறார். ஒன்றும் புதிதாக வாங்க வேண்டாம். அங்கே என்ன கொடுக்கிறார்களோ அதே உணவைப் பத்து நாட்களுக்குக் கொடுங்கள். இன்றைக்கே போய் ஒரு பழைய துண்டைத் தாய் படுக்கும் இடத்தில் போட்டுவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துவைக்காமல் குட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்து, இரவு அது படுக்கும் இடத்தில் விரியுங்கள். திங்கட்கிழமை காலை ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கோ கொண்டுபோய் ஒரு முறை காட்டிவிடுங்கள், அட்டையை மறக்காமல். காரில் போங்கள். கூடை வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.